மகளுக்கு விற்ற குதிரை

ஒரு மனிதனுடைய நாணயத்தை எங்கே வைத்துப் பார்ப்பது? கோயிலில் பார்க்க முடியாது; அங்கே எல்லோரும் நல்லவர்கள். மேடையில் பார்க்கவே முடியாது. பழைய பொருள் ஒன்றை அவன் விற்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஏனென்றால், அந்தப் பொருளின் குறை அந்த நேரத்தில் உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஐம்பத்தாறு வயது வரையில் நான் என்னை யோக்கியன் என்றே எண்ணியிருந்தேன். பொய்யும் புரட்டும் செய்கிற மனிதர்களைக் கதைகளில் எழுதி, அவர்களுக்குக் கடைசி அத்தியாயத்தில் புத்தியும் புகட்டியிருக்கிறேன். என்னைப் பற்றிய இந்த நல்ல அபிப்பிராயத்தைக் கெடுத்தது ஒரு பழைய ஜீப்.

நான்கு சக்கரங்களும் இழுக்கிற வண்டி அது. எனக்கு வீடு திண்டிவனத்தில். செஞ்சிப் பக்கத்தில் மனைவி வழியில் வந்த கொஞ்சம் புஞ்சை உண்டு. மழைக்காலத்தில் அந்த ஏரிக்கரை மண்பாதையில் வேறு எந்த வண்டியும் போகாது. அதற்காகவே வாங்கினேன். சாதாரணக் கார்களில் இரண்டு சக்கரங்களுக்குத்தான் இன்ஜினின் பலம் போகிறது. இதில் ஒரு லீவரைப் போட்டுவிட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்துகொண்டு சேற்றிலிருந்து வண்டியைப் பிய்த்தெடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாம் உலக யுத்தத்தில், 1941 முதல், அமெரிக்க ராணுவத்துக்காக ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய ஜீப்பின் வம்சம். யுத்தம் முடிந்த பிறகு நம் நாட்டுக் கிராமங்களுக்கு முதன்முதலாகப் போன மோட்டார் வண்டி பல இடங்களில் ஜீப்தான்.

புஞ்சையைக் குத்தகைக்கு விட்ட பிறகு எனக்கு ஜீப் அநாவசியமாயிற்று. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய சமயம். விற்றுவிடலாம் என்று தீர்மானித்தேன். செஞ்சிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டுக்கொண்டு வந்தார். பால் கேன்களை ஏற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் போக வேண்டும்; காலையில் இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். விலை பேசி முடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் தருவதாக ஏற்பாடு.

ஆனால் வண்டியில் ஒரு சத்தம் இருந்தது.

சத்தம் என்று சொல்வதற்கில்லை, ஒரு முனகல். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் பின்பக்கத்தில், தரைக்குக் கீழே, தூரத்து ஆலைச் சங்கு போல ஊ என்று ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் குரல் உயரும். காலை எடுத்தால் சுருதி மாறும். எத்தனை மாதமாக அது இருந்தது? உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எட்டு மாதம். எட்டு மாதமாக நான் என்ன செய்தேன்? ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு விழுப்புரம் போனேன். நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஐந்து திசைக்கு ரயில் பிரிகிற ஜங்ஷன் அது. மோட்டார் பட்டறைகளுக்கும் அங்கே குறைவில்லை. ஒரு பட்டறையில் வண்டியை நிறுத்திச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“சத்தம் போகணுமா சார், வண்டி சரியாகணுமா?”

இதைவிடத் தெளிவான கேள்வியை எந்தத் தத்துவ ஞானியும் என்னிடம் கேட்டதில்லை. சொற்களை வைத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாமலா போகும்? புரிந்துதான் பதில் சொன்னேன்.

“விற்கப் போகிற வண்டி. சத்தம் போனால் போதும்.”

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போலப் பருத்திருக்கும் இரும்புக் கூட்டிலிருந்து பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, பாகு போன்ற கனமான எண்ணெயையும் கொஞ்சம் கிரீஸையும் அதில் ஏற்றினார். “ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் சார். அப்புறம் வாங்கினவர் பாடு” என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு சரக்கைக் கடை பரப்பிக் காட்டினார். மட்டமானதைக் கை நீட்டி வாங்கியவன் நான்.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி வேகம் எடுத்தேன். ஐம்பது, அறுபது, எழுபது. பின்னால் ஒரு முனகலும் இல்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினேன். சந்தோஷமாகவே இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. தப்புச் செய்கிற மனிதனுக்கு உடனே மனசாட்சி குத்தும் என்று கதைகளில் எழுதியிருக்கிறேனே, அது தவறு. எனக்கு விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம் வரையில் ஒன்றும் குத்தவில்லை.

குத்தியது சாயங்காலம்.

என் மகள் வந்தாள். செஞ்சிக் கோட்டையை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள் அல்லவா? அதிலிருந்து அவளுடைய சிநேகிதிகளுக்கு அந்தக் கோட்டைமேல் ஒரே மோகம். “அப்பா, நாளைக்கு நாங்க நாலு பேர் செஞ்சி போறோம். விக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை ஜீப்பை நானே ஓட்டிட்டுப் போகட்டுமா?” என்றாள்.

“வேண்டாம்மா. பஸ்ஸில் போய்ட்டு வாங்க” என்றேன்.

“ஏம்பா? இன்னைக்குத்தானே விழுப்புரம் போய்ச் சரி பண்ணிட்டு வந்தீங்க?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. யோசித்துச் சொன்ன ‘வேண்டாம்’ அல்ல அது. தடுக்கி விழப் போகிற குழந்தையைப் பிடிக்கக் கை தானாக நீளுமே, அப்படி வாயிலிருந்து வந்தது. அந்தக் கூட்டுக்குள் ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வேகமாகப் போகும்போது அது இறுகிக்கொண்டால் பின் சக்கரங்கள் சட்டென்று பூட்டிக்கொள்ளும் என்பதும் தெரியும். என் பெண் ஏறக் கூடாத வண்டியில் இன்னொருவருடைய இரண்டு குழந்தைகள் தினமும் ஏறப் போகிறார்கள். அதற்கு நான் விலையும் பேசியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர் வந்தார். ஓட்டிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி. “சத்தமே இல்லீங்களே ஐயா! நல்லா வெச்சிருக்கீங்க” என்றார். பிறகு, முன்பணத்தை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே, “எனக்கு மிஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. குறை ஏதாவது இருந்தா நீங்களே சொல்லிடுவீங்க, அந்த நம்பிக்கைதான்” என்றார்.

நான் சொன்னேனா? இல்லை. “ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. பத்து நாள் கழித்து வாருங்கள்” என்றேன். பாதி உண்மை. அவர் முகம் வாடிவிட்டது. வேறு யாரோ அதிக விலைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலும். “வேணும்னா இன்னும் ஐயாயிரம் சேர்த்துத் தர்றேங்க” என்றார். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அவர் போன பிறகு, ஒரு வக்கீல் நண்பரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஆறுதல் தேடித்தான் போனேன். ‘சட்டப்படி தப்பில்லை’ என்று யாராவது சொன்னால் போதும் என்ற எண்ணம். அவரும் சொன்னார். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் வாங்குகிறவன்தான் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது பொது விதி. அதற்குச் சில விலக்குகள் உண்டு. அதற்கும் முந்தியது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவு, ஒரு குறையைப் பற்றிச் சும்மா இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் அதற்கு ஓர் உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் ஒரு குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்குக் கோளாறு இருப்பது அவனுக்குத் தெரியும். வாங்குகிறவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி அல்ல.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். நண்பர் விடவில்லை. “இன்னும் இருக்கிறது, கேள்” என்றார். அதே குதிரையைப் பற்றி இரண்டாவது உதாரணம்: வாங்குகிறவள் அவனுடைய மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள். அப்போது அந்த உறவு காரணமாகவே குறையைச் சொல்ல வேண்டிய கடமை தகப்பனுக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது உதாரணம்: வாங்குகிறவன், ‘நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்கிறான். விற்கிறவன் வாய் திறக்கவில்லை. இங்கே அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் சட்டம் எழுதியவர்கள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்களா? மகளும் வந்துவிட்டாள், அந்த இளைஞரும் வந்துவிட்டார்.

“அது போகட்டும்” என்றார் நண்பர். “நீ மௌனமாக இருந்தவனே அல்லவே! தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பதை அதே பிரிவு மோசடிக் கணக்கில் வைத்திருக்கிறது. குதிரை நொண்டுவதைச் சொல்லாமல் இருப்பது ஒன்று. நொண்டுவது தெரியாமலிருக்க அதன் காலுக்கு மரத்துப்போகிற மருந்து வைப்பது வேறு. நீ வைத்தது மருந்து.”

அங்கே ஒரு கோடு இருக்கிறது. சும்மா இருப்பதற்கும் வாயைக் கட்டுவதற்கும் நடுவே உள்ள கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் போதுமா என்பதுதான் பெரிய கேள்வி. இது புதிய கேள்வியும் அல்ல. கி.மு. 44-இல் ரோமாபுரி அறிஞர் சிசரோ கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலில் இதே வழக்கை எடுத்துக்கொள்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? டயோஜெனிஸ் என்ற ஞானி, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்று வியாபாரிக்காக வாதாடுகிறார். அவருடைய சீடரான ஆன்டிபேட்டரோ, வாங்குகிறவனுக்குத் தெரியாதது எதுவும் விற்கிறவனிடம் இருக்கக் கூடாது என்கிறார். அடுத்து, உள்ளே குறைகள் உள்ள ஒரு வீட்டை விற்கிற வழக்கு வருகிறது. இரண்டிலும் சிசரோ சீடர் பக்கமே சேர்கிறார்.

நமக்கு ரோமாபுரி வரையில் போக வேண்டியதில்லை. வள்ளுவர் இதைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியில் வைத்தார். பிறருடைய பொருளையும் தன்னுடையது போலப் பேணுவதுதான் வாணிகம் என்பது அவர் கருத்து. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழ்கிற பட்டினப்பாலையும் இதையே அவர்களுடைய பெருமையாகச் சொல்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கியவன் நான்.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. ‘எல்லாக் குறையையும் சொல்லி விற்றால் ஏழை பிழைப்பது எப்படி? மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். முதல் நாள் கறக்காமல் விட்டு மடியை நிரப்பிக்கொண்டு வருவதில்லையா? அந்த இளைஞரே நாளைக்கு மாடு விற்கும்போது இதைத்தானே செய்வார்?’ என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் மாட்டுச் சந்தையில் வாங்குகிறவனுக்கும் அந்த விளையாட்டுத் தெரியும். அவன் மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவான், நடக்கவிட்டுப் பார்ப்பான், சுழியைத் தேடுவான். என் ஜீப்பின் பல்லை எப்படி எண்ணுவது? அது இரும்புக் கூட்டுக்குள், எண்ணெயில் முழுகிக் கிடக்கிறது. வெளியே உள்ள மனிதனுக்கு அது தன் நிலைமையைச் சொல்ல ஒரே ஒரு வழிதான் வைத்திருந்தது: அந்த முனகல். அதைத்தான் நான் அடைத்தேன். மேலும், கறவை குறைந்த மாட்டை வாங்கினால் பால் குறையும், அதோடு போயிற்று. இது குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டி. குறை எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருக்கிறது, அதனால் வருகிற கேடு எவ்வளவு பெரியது என்று இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. இரண்டும் ஏற ஏற, சொல்ல வேண்டிய கடமையும் ஏறிக்கொண்டே போகிறது. எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.

மறுநாள் ஜீப்பைத் திண்டிவனத்திலேயே, செஞ்சி சாலையை ஒட்டி ஒரு வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஊரில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது வயதைத் தாண்டியவர். எண்ணெய் அடைப்பானைத் திருகி எடுத்ததும் பாகாய் வடிந்ததைப் பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார்.

“யாரோ வாயைக் கட்டியிருக்காங்க” என்றார்.

“நான்தான் பாய், கட்டச் சொன்னேன்” என்றேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இறக்கிய எண்ணெயில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவினார். காந்தத்தில் கரும்பசை போல ஒட்டினால் அது வயதுக்குரிய தேய்மானம்; பயமில்லை. செதில் செதிலாக மின்னினால்தான் ஆபத்து. மின்னியது. நான் உடனே, “அப்படியானால் பிரித்துவிடலாமே?” என்றேன். பாய் தலையை ஆட்டினார். “எங்கே வலிக்குதுன்னு தெரியாம கத்தியை எடுக்கக் கூடாதுங்க. முதல்ல சரியான எண்ணெயை ஊத்துவோம். அது பேசட்டும்.”

வண்டிக்குரிய எண்ணெய் உள்ளே போனதும் முனகலும் திரும்ப வந்தது. பாய் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொன்னார். கூட்டேரிப்பட்டு வரையில் போய்த் திரும்பினோம். வழியெல்லாம் பரீட்சை. டயருக்குக் காற்றை ஏற்றிப் பார்த்தார். டயரின் இரைச்சலாக இருந்தால் அதற்கு மாறும், தார்ச்சாலை மாறினாலும் மாறும். மாறவில்லை. வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் உறுமவிட்டார், சத்தம் இல்லை. ஆகவே இன்ஜினும் அல்ல. இடமும் வலமும் மெல்ல வளைத்து ஓட்டச் சொன்னார். சக்கரத்துப் பேரிங்காக இருந்தால் ஒரு பக்கம் பாரம் சாயும்போது குரல் கூடும். கூடவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு சுருதி, விட்டால் இன்னொரு சுருதி. பாரத்துக்குத் தகுந்தபடி குரல் மாறினால் பல்சக்கரத்தையோ அதைத் தாங்குகிற பேரிங்கையோதான் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாகச் செய்ததுதான் எனக்குப் பிரமாதமாகப் பட்டது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி அல்லவா? பின் அச்சுக்குப் போகிற நீளத் தண்டைக் கழற்றி வைத்துவிட்டு, முன் சக்கர இழுவையைப் போட்டு, முன் சக்கரங்களாலேயே ஓட்டச் சொன்னார். பின் சக்கரங்கள் உருளுகின்றன. உள்ளே பல்சக்கரங்களும் சுழல்கின்றன. ஆனால் அவற்றின்மேல் இன்ஜினின் பாரம் இல்லை. முனகல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. “பாரம் இல்லாதப்போ எல்லாரும் அமைதியாத்தான் இருப்பாங்க” என்றார் பாய். “இப்ப பிரிக்கலாம்.”

பிரித்து வைத்ததைப் பார்த்தபோதுதான் அந்த இயந்திரத்தின் அழகு எனக்குப் புரிந்தது. சுவாமி புறப்பாட்டில் தெருமுனையில் வாகனம் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உட்பக்கம் தோள் கொடுப்பவர்கள் நின்ற இடத்திலேயே மெல்ல நகர்வார்கள். வெளிப்பக்கத்தார் எட்டி நடப்பார்கள். இரு பக்கத்தாரும் ஒரே அளவு நடந்தால் சுவாமி திரும்பாது. காரின் சக்கரங்களும் அப்படியே. மாட்டு வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகச் சுழலும், தொல்லை இல்லை. இயந்திரம் இழுக்கிற அச்சில் இரண்டையும் சேர்த்தும் இழுக்க வேண்டும், வளைவில் தனித்தனியாக ஓடவும் விட வேண்டும். இதைச் செய்கிற பல்சக்கர அமைப்புக்கு டிபரன்ஷியல் என்று பெயர். நீராவி வண்டி ஒன்றுக்காக, 1820களின் கடைசியிலேயே பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இரண்டு சக்கரங்களுக்கும் சமமான பலத்தைக் கொடுத்துவிட்டு, வேகத்தை மட்டும் அவரவர் பாதைக்குத் தகுந்தபடி விட்டுக்கொடுக்கிறது அது. யாருடைய பாதை நீளமோ அவர் அதிகம் ஓட வேண்டும். வியாபாரத்திலும் இது பொருந்தும் என்று தோன்றியது. தெரிந்தவன் வெளிப்பக்கச் சக்கரம். தெரியாதவன் உட்பக்கச் சக்கரம். தெரிந்தவன்தான் அதிக தூரம் வந்தாக வேண்டும்.

பாய் ஒரு பேரிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இன்ஜினிலிருந்து வருகிற சுழற்சியை வாங்கிப் பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்கிற சின்னப் பல்சக்கரம் ஒன்று உண்டு, பினியன் என்பார்கள். அதன் முன்பக்கத்தைத் தாங்குகிற பேரிங் அது. அம்மை வார்த்த முகம் போலக் குழி குழியாக இருந்தது.

“எண்ணெய் போதாம காஞ்சிருக்குதுங்க. இந்த இடத்துக்குத்தான் எண்ணெய் முதல்ல எட்டாமப் போகும். ஆயில் சீல் ஒழுகியிருக்குது. வீட்டுல வண்டி நிக்கிற இடத்துல கறை பாத்திருப்பீங்களே?”

பார்த்திருந்தேன். சிமென்ட் தரையில் ஓர் அணா அளவு கறை. ஒரு வருஷத்துக்கு முன்பு. அட்டை ஒன்றை வெட்டி அதன்மேல் போட்டு வைத்தேன், தரை கெடாமலிருக்க. ஒரு சின்ன ரப்பர் வளையத்தை அன்றைக்கே மாற்றியிருந்தால் இத்தனைக்கும் இடமே இல்லை. கறைக்கு அட்டை, முனகலுக்கு ரேடியோ, கடைசியில் பாகு எண்ணெய். விழுப்புரத்தில் நான் செய்தது புதிய குற்றமே அல்ல. பழைய பழக்கத்தின் மூன்றாவது தவணை. பிறரிடம் குறையை மறைக்கிறவன் முதலில் தன்னிடமே மறைத்துப் பழகியிருக்கிறான்.

பெரிய பல்சக்கரத்தின் பற்களில் பாய் வண்ணக் குழம்பைப் பூசிச் சுழற்றிப் பார்த்தார். பல்லும் பல்லும் எங்கே உரசுகின்றன என்பது அதில் பதிந்துவிடும். பல்லின் நடுவில் விழ வேண்டிய தடம் ஓரமாக விழுந்திருந்தது. பேரிங் தளர்ந்ததால் பினியன் இடம் பெயர்ந்து, தவறான இடத்திலேயே உரசி உரசிப் பழகிவிட்டதாம். “இது ரெண்டும் ஜோடிங்க. ஒண்ணா உரசிப் பதம் பண்ணி அனுப்பறது. ஒண்ணை மட்டும் மாத்தினா இன்னொண்ணு ஒத்துக்காது. மாத்தினா ரெண்டையும் மாத்தணும், செலவு அதிகம். பல்லுல விரிசல் இல்லை, உடைசல் இல்லை. பேரிங், சீல் மாத்தி, மெல்லிசுத் தகடு வெச்சு இடைவெளியைச் சரி பண்ணிட்டா ஆபத்து இல்லாம ஓடும். ஆனா லேசா ஊளை இருக்கும். அதை எடுக்க முடியாது.”

நான் யோசித்தேன். ஜோடியையே மாற்றினால் விற்கிற விலையில் நாலில் ஒரு பங்கு போய்விடும். மகளின் கட்டணத்துக்குப் பற்றாது. “ஆபத்து இல்லை என்று நிச்சயமாகச் சொல்கிறீர்களா பாய்?” என்றேன். “என் பேரப் பசங்களை ஏத்திக்கிட்டுப் போவேன்” என்றார். அவருக்கும் அதே அளவுகோல்தான் போலிருக்கிறது.

வேலை முடிந்தது. மகளிடம் சாவியைக் கொடுத்துச் செஞ்சிக்குப் போய் வரச் சொன்னேன். “அப்பா, லேசா சத்தம் வருதே?” என்றாள் திரும்பி வந்து. “வரும். பயப்பட வேண்டியதில்லை” என்றேன். இந்த முறை காரணத்தையும் முழுவதும் சொன்னேன்.

பத்தாம் நாள் அந்த இளைஞர் வந்தார். ஓட்டிப் பார்த்து இறங்கியதும், “அன்னைக்குச் சத்தமே இல்லீங்களே, இப்ப என்னவோ முனகுதே?” என்றார். எனக்கு வேறு வழியும் இருந்தது. ‘புதிய பேரிங், பழகப் பழகப் போய்விடும்’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனி வரையில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, பாகு எண்ணெயிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றிய பேரிங்கைக் காட்டினேன். இந்த ஊளை வண்டி உள்ளவரையில் இருக்கும் என்றும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. கதையாக இருந்தால் இந்த இடத்தில் அவர் கண் கலங்கி, ‘உங்களைப் போல உண்டா?’ என்று என் கையைப் பிடித்திருப்பார். நடந்தது அப்படி அல்ல. “யோசிச்சுச் சொல்றேங்க” என்று போய்விட்டார். நான்கு நாள் கழித்துத் தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரோடு வந்தார். அந்த மனிதர் வண்டிக்கு அடியில் படுத்து, நான் சொன்ன ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். என் கண்ணெதிரிலேயே! முதல் தடவை என்னை முழுக்க நம்பி வந்தவர், உண்மையைச் சொன்ன பிறகு நம்பவில்லை. இதில் அவர்மேல் என்ன தப்பு? இல்லாத யோக்கியதையைப் பார்த்து வைத்த நம்பிக்கை போய், சோதித்துப் பார்த்து வைக்கிற நம்பிக்கை வந்தது. இரண்டாவதுதான் எனக்கு உரியது.

விலையையும் கடுமையாகக் குறைத்துக் கேட்டார். கொடுத்தேன். மகளின் கட்டணத்தில் துண்டு விழுந்த பணத்துக்கு ஒரு தொடர்கதையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

போன மாதம் மயிலம் போகும் வழியில் அந்த ஜீப் எதிரே வந்தது. பின்னால் பால் கேன்கள். முன்னால் அப்பாவின் பக்கத்தில் இரண்டு சின்னத் தலைகள். என்னைத் தாண்டிப் போகும்போது காதைக் கொடுத்துக் கேட்டேன். மெல்லிய ஊளை இருக்கத்தான் செய்தது.